“பைசா வந்திச்சா?” என்று போன் வராமல் இருக்க: புக்கிங் சாஃப்ட்வேரோடு பேமென்ட் கேட்வேயை இணைப்பது

ஏசி சர்வீஸ், கிணற்று மோட்டார், இன்வெர்ட்டர், ஆர்ஓ ஃபில்டர் என்று வீடு வீடாக ஆள் அனுப்பும் தொழிலில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் ஆரம்பித்து மார்த்தாண்டம் வரைக்கும் ஆறு பையன்களை வைத்து ஓட்டுகிறோம். புக்கிங் சாஃப்ட்வேர் வாங்கி ஒரு வருஷம் ஆகியும் வேலை ஒரு வழியில், பணம் இன்னொரு வழியில் என்றுதான் போய்க்கொண்டிருந்தது. கருங்கலில் வேலையை முடித்த பையன் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டே, “அண்ணே, டீச்சர் பைசா போட்டாச்சுன்னு சொல்லுதாவ, வந்திச்சா?” என்று கூப்பிடுவான். நான் வண்டியை ஓரம் கட்டி, பேங்க் மெசேஜைத் துழாவி, அதே ஐநூறு ரூபாய் மூன்று பேரிடமிருந்து வந்திருப்பதைப் பார்த்து, இதில் டீச்சர் யார் என்று முழிப்பேன். ஸ்கிரீன்ஷாட்டை நம்பலாமா என்றால் அதுவும் முடியாது, பணம் போனதுபோல் பொய்ப் படம் காட்டும் ஆப்கள் வந்து எத்தனையோ நாளாயிற்று.

இணைப்பு என்பது இவ்வளவுதான்: பணம் வந்தது என்ற செய்தியை கஸ்டமரோ, பையனோ, நீங்களோ சாஃப்ட்வேருக்குச் சொல்லக் கூடாது, கஸ்டமரிடம் ஆன்லைனில் பணம் வாங்கி நம் பேங்குக்கு அனுப்பும் கேட்வே நேராகச் சொல்ல வேண்டும். மற்ற செட்டிங் எல்லாம் இதற்குத் துணை.

முதலில் சாஃப்ட்வேர் பக்கம் போகாமல் ஒரு தாளை எடுத்து, எந்தப் பணத்தை எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஹோட்டல் ரூமுக்கு விலை முன்பே தெரியும், நம் வேலைக்குத் தெரியாது. மோட்டார் ஓடவில்லை என்று புக் செய்வார்கள், போய்ப் பார்த்தால் வெறும் கெப்பாசிட்டராக இருக்கும், இல்லையென்றால் உள்ளே கம்பிச் சுற்றே எரிந்து கிடக்கும். குளச்சல், முட்டம் பக்கம் ஏசி என்றால் கேட்கவே வேண்டாம், உப்புக்காற்றில் வெளியே இருக்கும் யூனிட் அரித்து கேஸ் எல்லாம் போயிருக்கும். அதனால் புக் செய்யும்போது விசிட் சார்ஜ் மட்டும் ஆன்லைனில், மீதி வேலை முடிந்த பிறகு பில் போட்டு. இந்த இரண்டு பணமும் ஒரே வேலை எண்ணின் கீழ் சாஃப்ட்வேரில் சேர வேண்டும். வாங்குவதற்கு முன்னால் சாஃப்ட்வேர்க்காரரிடம் இதைத்தான் கேளுங்கள்: “முன்பணம் தனி, மீதி தனி என்று ஒரே ஜாபில் வருமா?” வராது என்றால், டெமோ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, அது எந்த கேட்வேயோடு பேசும் என்று பாருங்கள். ஆங்கில வீடியோ பார்த்து ஆசைப்பட்டு வெளிநாட்டு சாஃப்ட்வேருக்கு வருஷச் சந்தா கட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஜாபர், ஹவுஸ்கால் ப்ரோ போன்றவை அந்த நாட்டுத் தொழில்காரர்களை நினைத்துச் செய்தவை, அவற்றின் சொந்த பேமென்ட் வசதி இங்கே கிடைக்காது. ஸ்கொயர் என்ற பேமென்ட் சேவை இந்தியாவிலேயே இல்லை. ஸ்ட்ரைப் 2024-லிருந்து இங்கே அவர்கள் அழைத்தால்தான் கணக்குத் திறக்கலாம் என்று ஆகிவிட்டது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் இந்தியரிடம் பணம் வாங்கித் தருவதையே நிறுத்திவிட்டது. ஆக, பேமென்ட் பக்கத்தில் ஸ்ட்ரைப், பேபால் என்று இரண்டு பெயர் மட்டும் இருக்கிற சாஃப்ட்வேர் நமக்கு உதவாது. ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். சொந்த வெப்சைட்டில் வூகாமர்ஸ் என்ற விற்பனை வசதியைப் போட்டு புக்கிங் வாங்குகிறவர்கள் என்றால் ரேசர்பே ப்ளக்இன் இருக்கிறது. நான் வைத்திருப்பது ரேசர்பே, அதனால் கீழே வரும் உதாரணங்கள் அதிலிருந்துதான். மற்றதில் பட்டனின் பெயர் மாறும், வேலை மாறாது.

கணக்குத் திறப்பதில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் இனிஷியல். பேங்க் பாஸ்புக்கில் ‘எஸ்.’ என்று ஒரு எழுத்து இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும், கடைப் பலகையில் மூன்றாவதாக ஒரு பெயர். கம்ப்யூட்டருக்கு இது மூன்று ஆள். பான், வங்கிக் கணக்கு இரண்டிலும் ஒரே பெயர் வருகிற மாதிரி முதலில் பேங்கில் போய்ச் சரிசெய்துவிட்டு விண்ணப்பித்தால் கேஒய்சி சுலபமாக முடியும். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி இருந்தால் கொடுங்கள், சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை என்பதால் சிறிய ஆட்கள் அது இல்லாமலும் தொடங்கலாம். உங்கள் வெப்சைட்டில் விதிமுறை, ரீஃபண்ட், தனியுரிமை, தொடர்பு என்று நான்கு பக்கங்கள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரீஃபண்ட் பக்கத்தை யாரிடமிருந்தோ காப்பி அடிக்காதீர்கள். என் நண்பன் அப்படி அடித்ததில், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன் “துணியின் டேக் கிழியாமல் இருந்தால் மட்டும் திருப்பி எடுப்போம்” என்று அறிவித்துக்கொண்டிருந்தான்.

சாவி இரண்டு ஜோடி

கணக்கு திறந்ததும் கேட்வேயின் டாஷ்போர்டில், சாஃப்ட்வேர் அதோடு பேசுவதற்கான சாவியான ஏபிஐ கீ எடுக்க வேண்டும். டெஸ்டுக்கு ஒரு ஜோடி, லைவுக்கு ஒரு ஜோடி. ஒவ்வொன்றிலும் கீ ஐடி, கீ சீக்ரெட் என்று இரண்டு துண்டு. சீக்ரெட் ஒரே ஒரு தடவைதான் திரையில் வரும், அப்போதே டவுன்லோடு செய்து வைக்காவிட்டால் புதிதாக எடுக்க வேண்டியதுதான். அதை வெப்சைட் செய்துகொடுத்த தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அவன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் போன் தொலையும். சாஃப்ட்வேரின் பேமென்ட் செட்டிங்கைத் திறந்து நீங்களே பேஸ்ட் செய்வதற்கு ஒரு நிமிஷம் போதும்.

டெஸ்ட் கீயில் எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு லைவ் கீயை மாற்றிப் போட வேண்டும், இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் நான் மறந்தேன். இரண்டு நாள். கார்டு போட்டவர்களுக்கெல்லாம் ஃபெயில் ஆகியிருக்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் நெட்பேங்கிங்கை எடுத்திருக்கிறார். டெஸ்ட் மோடில் அங்கே பேங்க் பக்கத்துக்குப் பதிலாக சக்சஸ், ஃபெயிலியர் என்று இரண்டு பட்டன் வரும். வேலை முடிந்து பேங்கில் பணம் இல்லையே என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “ரெண்டு பட்டன் வந்திச்சு, நான் சக்சஸைத்தான் அமுக்கினேன்” என்றார். அவர் மேல் என்ன தப்பு? கீயின் பெயரிலேயே டெஸ்ட், லைவ் என்று எழுதியிருக்கும், நான்தான் படிக்கவில்லை.

தொகை விஷயத்தில் இன்னொன்று. நம் மாவட்டத்தில் பணத்துக்கே பைசா என்றுதான் பெயர், கேட்வேயும் நம்மைப் போலவே, ஆனால் அது நிஜமாகவே பைசாவில் எண்ணும். 299 ரூபாய் வேண்டுமென்றால் அதற்கு 29900 என்று போக வேண்டும். ரெடிமேட் சாஃப்ட்வேரில் இதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆள் வைத்து எழுதிய சாஃப்ட்வேர் என்றால் கட்டாயம் சோதியுங்கள், இல்லாவிட்டால் விசிட் சார்ஜ் இரண்டு ரூபாய் தொண்ணூற்று ஒன்பது காசுக்குப் போய்விடும். கரன்சி ஐஎன்ஆர், நேரம் இந்திய நேரம், இந்த இரண்டையும் அதோடு பார்த்துவிடுங்கள். நேரம் தப்பாக இருந்தால் காலை ஒன்பது மணி ஸ்லாட் விடியற்காலை மூன்றரைக்கு நிற்கும்.

வெப்ஹுக் இல்லாவிட்டால் இணைத்ததும் இணைக்காததும் ஒன்றுதான்

கஸ்டமர் புக் செய்கிறார், பணம் கட்டும் பக்கம் வருகிறது, ஜிபே திறக்கிறது, பின் நம்பர் போடுகிறார், டிங் என்று சத்தம் வருகிறது. அவ்வளவுதான், போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். உங்கள் புக்கிங் பக்கத்துக்குத் திரும்பி வரவே மாட்டார். அவர் திரும்பி வந்தால்தான் ‘பணம் கட்டியாயிற்று’ என்று குறிக்கும்படி இணைத்திருந்தால் அந்த புக்கிங் பாக்கியாகவே கிடக்கும், பணமோ உங்கள் கணக்கில் இருக்கும். குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை பக்கமெல்லாம் சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகிற இடத்தில் இது தினமும் நடக்கும்.

வெப்ஹுக் என்பது, கஸ்டமரின் போனை நம்பாமல், கேட்வேயின் சர்வர் உங்கள் சாஃப்ட்வேரின் சர்வருக்கு நேரே ஆள் அனுப்பிச் சொல்வது. செய்முறை இதுதான். சாஃப்ட்வேரின் பேமென்ட் செட்டிங்கில் வெப்ஹுக் யுஆர்எல் என்று ஒரு முகவரி கொடுத்திருப்பார்கள், அதைக் காப்பி செய்யுங்கள். கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹுக் பகுதிக்குப் போய் அதைப் பேஸ்ட் செய்யுங்கள். சீக்ரெட் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் நீங்களே ஒரு நீளமான சொல்லைப் போட்டு அதையே சாஃப்ட்வேரிலும் போடுங்கள். இது ஏபிஐ கீ சீக்ரெட் இல்லை, வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நாளை வீணடிக்காதவர் குறைவு. இந்தச் சொல்லை வைத்துத்தான் வந்த செய்தி கேட்வே அனுப்பியதா, யாரோ வெளியாள் ‘பணம் கட்டியாயிற்று’ என்று பொய்யாக அனுப்பியதா என்று சாஃப்ட்வேர் பிரித்துப் பார்க்கும்.

பிறகு எந்தெந்தச் சம்பவத்துக்குச் செய்தி வேண்டும் என்று டிக் செய்ய வேண்டும். இருக்கிற எல்லாவற்றையும் டிக் செய்யாதீர்கள். பேமென்ட் கேப்சர்டு, பேமென்ட் ஃபெயில்டு, பேமென்ட் லிங்க் பெய்டு, ரீஃபண்ட் ப்ராசஸ்டு, இந்த நான்கு போதும். முக்கியமாக, ‘ஆத்தரைஸ்டு’ என்பதைப் பணம் வந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கஸ்டமரின் பேங்க் சம்மதித்ததற்கு அடையாளம் மட்டும். ‘கேப்சர்டு’ ஆனால்தான் உங்களுக்கு வரும், கேப்சர் ஆகாமல் கிடந்தால் சில நாளில் அவருக்கே திரும்பிப் போய்விடும். செட்டிங்கில் ஆட்டோமேட்டிக் கேப்சரைப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

டெஸ்ட் மோடில் வைத்த வெப்ஹுக் லைவுக்கு வராது, தனியாக மறுபடியும் வைக்க வேண்டும். உங்கள் சர்வர் படுத்துவிட்டால் கேட்வே 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு அந்த வெப்ஹுக்கையே நிறுத்திவிடும். நிறுத்தியதாக மெயில் வரும், ஆகவே அங்கே நீங்கள் தினமும் பார்க்கிற மெயிலைக் கொடுங்கள்.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு: ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். எங்கள் பழைய சாஃப்ட்வேர் அதை இரண்டு பணமாக எண்ணி, தக்கலையில் ஒரு அக்காவுக்கு “உங்கள் கணக்கில் 299 ரூபாய் மீதி உள்ளது” என்று மெசேஜ் அனுப்ப, அந்த அக்கா அதை அடுத்த பில்லில் கழிக்கச் சொல்லி, நானும் கழித்தேன். ஒரே பேமென்ட் ஐடி மறுபடி வந்தால் ஒதுக்கிவிடுமா என்று சாஃப்ட்வேர்க்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சோதிக்கும்போது நல்லபடி நடப்பதை மட்டும் சோதித்தால் பிரயோஜனம் இல்லை. பணம் கட்டிய கணமே பிரவுசரை மூடிப் பாருங்கள், அப்போதும் புக்கிங் பச்சையாக மாறினால் வெப்ஹுக் வேலை செய்கிறது என்று அர்த்தம். வேண்டுமென்றே ஃபெயில் ஆக்கிப் பாருங்கள், ஸ்லாட் விடுபடுகிறதா? லிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் கழித்துக் கட்டிப் பாருங்கள். ஸ்லாட்டைப் பதினைந்து நிமிஷம்தான் பிடித்து வைக்கும் என்றால், அதற்குள் அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கும், பணமும் வந்திருக்கும். இதற்கு சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுடையது அப்படி வந்ததை மஞ்சளில் காட்டும், நான் போன் செய்து வேறு நேரம் கேட்பேன், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கடைசியில் லைவ் கீ போட்டதும் சொந்தப் போனிலிருந்து ஒரு ரூபாய் கட்டி, அதை ரீஃபண்டும் செய்து பாருங்கள்.

மீதிப் பணம்

வேலை முடிந்ததும் பையன் அவனுடைய ஆப்பில் பில் போடுவான், சாஃப்ட்வேர் அந்தத் தொகைக்கு ஒரு பேமென்ட் லிங்க் உண்டாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும். லிங்கில் ரெஃபரன்ஸ் என்ற இடத்தில் வேலை எண் தானாக விழுகிற மாதிரி செட் செய்யுங்கள், நோட்ஸ் என்று இருந்தால் அதிலும். ஆள் பெயரை வைத்துப் பணத்தைப் பொருத்துவது நம் ஊரில் நடக்காது. வீட்டில் இருப்பது அம்மா, புக் செய்தது பக்கத்து வீட்டு மருமகள், பணம் கட்டுவது மஸ்கட்டில் இருக்கும் மகன். அந்த மகனிடம் இங்கத்திய என்ஆர்ஐ கணக்கில் யுபிஐ இருந்தால் பிரச்சினை இல்லை, ஓமன், துபாய், கத்தார், சவூதி நம்பர்களுக்கு 2023-லேயே அந்த வசதி அனுமதிக்கப்பட்டுவிட்டது. அந்த ஊர் பேங்க் கார்டை வைத்துக் கட்டுகிறான் என்றால் மட்டும் இன்டர்நேஷனல் பேமென்ட்டுக்கு கேட்வேயில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது தானாக வருவதில்லை.

கடையில் ஒட்டியிருக்கிற பழைய க்யூஆர் அட்டையின் நகலைப் பையன்களின் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கஸ்டமர் அதைத்தான் ஸ்கேன் செய்வார், அந்தப் பணம் கேட்வே வழியாக வராது, நீங்கள் பழையபடி மெசேஜைத் துழாவ வேண்டியதுதான். லிங்கையே க்யூஆராகப் போனில் காட்டுகிற வசதி பல சாஃப்ட்வேரில் இருக்கிறது, லிங்கைத் தொடத் தயங்குகிற வயசான ஆட்களுக்கு அது நல்லது. ரொக்கம் தருகிறவர்கள் தரட்டும், பையன் ஆப்பில் ‘ரொக்கம்’ என்று குறித்தால் சரி.

வருஷ பராமரிப்புக்கு மாதாமாதம் கார்டில் எடுக்கலாமே என்று ஒரு யோசனை வரும். எடுக்கலாம், ஒரு தடவை கஸ்டமர் ஒப்புதல் தந்துவிட்டால் 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது. ஆனால் கார்டு நம்பரை நீங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது, 2022 அக்டோபர் 1-லிருந்து கடைக்காரர் யாரும் சேமிக்க முடியாது, நம்பருக்குப் பதிலாக வரும் டோக்கன்தான். நான் இன்னும் வருஷத்துக்கு ஒரே லிங்காக அனுப்பி வாங்குகிறேன், ஆள் கேட்டுப் பேசி வாங்கினால்தான் அடுத்த வருஷமும் நிற்கிறார்கள்.

பணம் பிடிபட்டு, புக்கிங்கும் ஃபெயில் என்று காட்டினால் கஸ்டமர் உங்களைத்தான் திட்டுவார். பதறாமல் டாஷ்போர்டில் அந்த பேமென்ட்டைத் தேடுங்கள். அங்கே ஃபெயில்டு என்றால் பணம் உங்களிடம் வரவே இல்லை, அவருடைய பேங்கிடம் இருக்கிறது. யுபிஐயில் இப்படி மாட்டிய பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் 2019-லேயே சொல்லியிருக்கிறது. இதை நிதானமாகச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும். கையிலிருந்து அவசரப்பட்டு ஜிபே செய்துவிடாதீர்கள், அப்புறம் இரண்டு பக்கமும் போய்விடும்.

நீங்களே ரீஃபண்ட் செய்வதாக இருந்தால் சாஃப்ட்வேரில் புக்கிங்கை கேன்சல் செய்து அங்கிருந்தே செய்யுங்கள், அது பழைய வழியிலேயே திரும்பிப் போய் ஐந்து முதல் ஏழு வேலை நாளில் சேரும். கேட்வே முதலில் எடுத்த கட்டணம் உங்களுக்குத் திரும்பாது. அதனால்தான் ஆள் கிளம்பிய பிறகு கேன்சல் செய்தால் விசிட் சார்ஜ் திரும்பாது என்று புக்கிங் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் யாரும் படிப்பதில்லை, தமிழில் எழுதினால் படித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள், அது பரவாயில்லை.

கணக்குப் பார்ப்பது கடைசி வேலை. கட்டணம் 2 சதவீதம் என்றால், 1,000 ரூபாய்க்கு 20 ரூபாய், அந்த 20-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு, ஆகப் பேங்கில் விழுவது 976 ரூபாய் 40 காசு. அதுவும் ஒவ்வொரு பில்லாக விழாது, அன்றைய பணம் மொத்தமும் ஒரே தொகையாக யுடிஆர் என்கிற ஒரு பேங்க் அடையாள எண்ணோடு விழும். யுபிஐக்கு எம்டிஆர், அதாவது கடைக்காரரிடம் பிடிக்கும் பேங்க் கட்டணம், 2020 ஜனவரியிலிருந்தே கிடையாது, ஆனாலும் கேட்வே தன்னுடைய சேவைக்கென்று ஏதாவது பிடிக்கலாம், கையெழுத்துக்கு முன்னால் யுபிஐக்கு எவ்வளவு, கார்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சாஃப்ட்வேரில் பில்லை 976-க்குப் போடாதீர்கள், பில் ஆயிரம்தான், 23 ரூபாய் 60 காசு உங்கள் செலவு. மாதக் கடைசியில் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை டவுன்லோடு செய்து ஆடிட்டரிடம் அப்படியே கொடுத்துவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார்.

பணம் பேங்குக்கு வருவது பொதுவாக இரண்டு வேலை நாள் கழித்து. ஞாயிறும், இரண்டாவது, நான்காவது சனியும் கணக்கில் சேராது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கலெக்டர் விடுகிற உள்ளூர் விடுமுறை பேங்குக்குப் பொருந்தாது, அன்றைக்கும் பணம் வரும். ஆனால் பையன்கள் வர மாட்டார்கள். சிவராத்திரிக்கும் இதே கதை, எங்களில் இரண்டு பேர் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடிப்போகிற சிவாலய ஓட்டம் ஓடப் போய்விடுவார்கள். அந்த நாட்களை சாஃப்ட்வேர் காலண்டரில் வருஷத் தொடக்கத்திலேயே அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பணம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், அனுப்ப ஆள் இருக்காது.